ஏறிக்கொண்டே போன மார்க்

ஜனவரி 12, ஞாயிறு

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகள் கோகிலா, மாப்பிள்ளை செங்கோட்டுவேல், பேத்தி மிதுனா, மாப்பிள்ளையின் தங்கை பூங்கொடி, பூங்கொடியின் வீட்டுக்காரர் தங்கராசு. வேறு யாரும் இல்லை. நாளைக்கு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். எனக்கு மறதி கிடையாது. மற்றவர்களுக்குத்தான் வேண்டியபோது மறதி வரும்.

கோழித்தீவனக் கடையில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த டைரி இது. நான் நாலாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

மிதுனா போன வருசம் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினாள். கிடைக்கவில்லை. இந்த வருசம் வீட்டிலிருந்தே படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாதிரிப் பரீட்சை எழுதுவாள். 720க்கு எத்தனை என்று அதுவே சொல்லிவிடும். மாப்பிள்ளைக்கு முட்டை யாவாரம். பண்ணைகளில் வாங்கிக் கேரளாவுக்கு லோடு அனுப்புகிறார். காலையில் எழுந்ததும் முட்டை ரேட்டைப் பார்ப்பார். அதே வாயால் மகளிடமும் கேட்பார்.

"இன்னைக்கு ரேட் எவ்வளவு அம்முணி?"

"நானூத்தி அம்பத்தஞ்சுங்கப்பா."

"போன வாரம் ஐநூத்தி நாப்பது சொன்னயே."

"இந்தப் பேப்பர் கஷ்டமுங்கப்பா."

"எல்லாருக்கும் அதே பேப்பர்தான?"

பொங்கல் சீர் வாங்கிப் போக வந்த பூங்கொடி அப்போது வாயைத் திறந்தாள். "விடுங்கண்ணா. டாக்டர்னா மனுசனுக்கேதான் பாக்கோணுமா? கோழிக்கு ஊசி போடப் படிக்கட்டும். உங்க பண்ணைக்காரங்களுக்கும் ஒரு ஆளாச்சு." தங்கராசு வாயில் வடையை வைத்துக்கொண்டே சிரித்தார். மாப்பிள்ளை சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்தப் பூங்கொடிதான் என் மகள் கல்யாணப் பந்தியில், பாயசத்தில் தண்ணீர் அதிகம் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவள். அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. பாயசம் நன்றாகத்தான் இருந்தது. நானே கிண்டினேன்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். எருமையின் கொம்புக்கு மிதுனா பெயிண்ட் அடித்தாள். மாப்பிள்ளை அவளோடு இன்னும் பேசவில்லை. தட்டில் சோறு தீர்ந்தால்கூடக் கோகிலாவைப் பார்த்து, "ரசம் ஊத்தச் சொல்லு" என்கிறார். சொல்ல வேண்டிய பிள்ளை எதிரிலேயே நிற்கிறாள்.

ஜனவரி 19, ஞாயிறு

498. மாப்பிள்ளை "ம்" என்றார். ஒரு வாரத்தில் அதுதான் முதல் பேச்சு.

ஜனவரி 26, ஞாயிறு

504. மாப்பிள்ளை, "சாப்பிட்டயா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

509. மாப்பிள்ளை பரோட்டா வாங்கி வந்தார். எனக்கு ஆகாது. இருந்தும் ஒன்று தின்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போன வாரம் 515, இந்த வாரம் 520. ஏறிக்கொண்டே போகிறது. முட்டை ரேட் புரட்டாசியில் விழும், ஐயப்பனுக்கு மாலை போடுகிற மாசத்தில் விழும். என் பேத்தி மார்க்குக்கு விழத் தெரியாது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோசம். குடும்பத்து வாட்ஸப்பில் அப்படியே போட்டுவிட்டாராம். பூங்கொடி கும்பிடுகிற கை ஒன்றைப் பதிலுக்குப் போட்டாளாம். வயிறு எரிந்து போட்ட கை அது. படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். 515 சொன்ன அன்றைக்குப் பிள்ளை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வாசல் கூட்டினாள், தோசை நாலு தின்றாள். இன்றைக்கு 520. ஆனால் தலைவலி என்று படுத்துவிட்டாள். மார்க் ஏற ஏறப் பசி குறையும் போல.

மார்ச் 2, ஞாயிறு

531. முருங்கைக்கீரை உருவினோம். கோகிலா பாதிக் கீரையை உருவிவிட்டு மீதியை என் மடியில் போட்டுவிட்டு மகள் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன பேச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். இந்த வீட்டில் அந்த ஒண்ணுமில்லைக்கு அளவே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

போன வருசம் மிதுனாவுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்த அருள்மணி வாத்தியார் முட்டை வாங்க வந்தார். மாப்பிள்ளை அவரை உட்கார வைத்து, ஜனவரியில் இருந்து வந்த மார்க்கையெல்லாம் ஒப்பித்தார். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னார், நான் திருத்தினேன்.

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு நாள் மார்க்கை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. லேசான பேப்பர் வரும், கஷ்டமான பேப்பர் வரும். கடைசியா எழுதுன பத்தை எடுத்துக்கங்க. அதுல ரொம்பக் குறைச்சலா எது வந்துச்சோ அதைப் பாருங்க. பெரிய பரீட்சை அன்னைக்கு அதுவும் வரலாம். ஒசந்ததைப் பாத்து முடிவு பண்ணீராதீங்க."

"நம்ம பொண்ணுக்குக் குறைச்சலே இல்லீங்களே சார். வாராவாரம் அஞ்சோ ஆறோ ஏறுது."

"ஒரு வாரங்கூட எறங்கலீங்களா?"

"எறங்கலீங்க."

"அப்படி யாருக்கும் ஏறாதுங்களே" என்று வாத்தியார் மிதுனாவைப் பார்த்தார். அவள் முட்டை அட்டையைச் சணல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டின முடிச்சையே மறுபடியும் கட்டினாள்.

மற்றவர் பிள்ளை ஏறினால் இந்த வாத்தியார்களுக்குப் பொறுக்காது. அவர் மகன் எங்கே படிக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். அடுத்த முறை வரட்டும். உடைந்த முட்டை இரண்டை அடியில் வைத்துக் கட்டச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

எருமை கன்று போட்டது. காலையில் இருந்தே முக்கியது, ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை லோடு ஏற்றப் போயிருந்தார். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால் அவர் மோகனூரில் இன்னொரு மாட்டோடு இருக்கிறாராம். மிதுனா பரீட்சையைப் பாதியில் விட்டு எழுந்து வந்தாள். போனைக் கோகிலா கையில் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டாள். டாக்டர் சொல்லச் சொல்ல முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த கன்றின் முன்னங்காலை நேராக்கினாள். அப்புறம் கோகிலாவும் நானும் சேர்ந்து இழுத்தோம். கிடேரி. நல்ல திடமான கன்று.

டாக்டர் போனில், "அந்தப் பொண்ணு என்ன படிக்குதுங்க?" என்று கேட்டார். நான் போனைப் பிடுங்கி, "டாக்டருக்குப் படிக்குதுங்க, மனுச டாக்டருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிள்ளை சீம்பால் குடிக்கிற கன்றையே பார்த்துக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க ரத்தம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போய்க் குளி என்று விரட்டினேன். பூங்கொடி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மாப்பிள்ளை ரேட் கேட்டார். "ஐநூத்தி நாப்பத்திரண்டுங்கப்பா" என்றாள். பாதிப் பரீட்சைக்கே அத்தனை.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. பக்கத்து வீட்டு நாயுடு அம்மா போளி கொடுத்தனுப்பினாள். மிதுனாவும் நானும் கொல்லையில் உட்கார்ந்து தின்றோம். அவள் 552 என்று சொல்லியிருந்த நாள். போளியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே ஒழியத் தின்னவில்லை.

"அம்மிச்சி, ஒண்ணு சொன்னா அப்பாகிட்டச் சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"நிஜமா வந்தது நானூத்தி எழுபத்தொண்ணு."

கையில் இருந்த போளியை நான் கீழே வைத்தேன்.

"போன வாரம்?"

"ஐநூத்தி முப்பத்தெட்டு. கன்னு போட்டன்னைக்கு எழுதி முடிக்கல, அதுக்கு முந்தி நானூத்தி எண்பத்தெட்டு. ஏறும், எறங்கும் அம்மிச்சி. எல்லாருக்கும் அப்படித்தான். ஜனவரில ஒருவாட்டி எறங்கினதுக்கு அப்பா ஒரு வாரம் பேசல. அதனால நல்லா வந்தன்னைக்குக் கொஞ்சம் கொறைச்சுச் சொல்லி மிச்சம் வெச்சேன். கொறஞ்சன்னைக்கு அதை எடுத்துச் சேத்திச் சொன்னேன்."

"பிடியரிசி மாதிரியா?" என்று கேட்டேன். தினமும் உலை வைக்கிறபோது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்போமே, அது.

"ஆமாங்க அம்மிச்சி. இப்பப் பானையில ஒண்ணுமில்ல. அப்பாவுக்கு ஏறிட்டே இருக்கோணும். கடன்ல ஓடுது."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "நீங்க அப்பாகிட்டப் பக்குவமாச் சொல்லுங்க. உங்க பேச்சை அவர் தட்ட மாட்டார். எனக்கு மாட்டு டாக்டர் படிப்பு போதும். பிளஸ் டூ மார்க்குக்கே அது கிடைக்கும்" என்றாள்.

கோழிக்கு ஊசி என்று பூங்கொடி சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. தங்கராசு வடையோடு சிரித்ததும் கண்ணில் இருந்தது. "சும்மா இரு. இன்னும் ஒரு மாசம் இருக்குது. உக்காந்து படிச்சா நீ சொல்றதே நிஜமாயிரும். யாருகிட்டயும் வாயைத் தொறக்காதே" என்று சொன்னேன்.

பெரியவர்கள் தைரியம் சொல்ல வேண்டும். சொன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

557. மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

566. பிள்ளை மெலிந்துவிட்டாள். தினமும் ஒரு முட்டை அதிகமாக அவித்துப் போடுகிறேன்.

மே 4, ஞாயிறு

பெரிய பரீட்சை. காதில் இருந்து மூக்கு வரைக்கும் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் வந்ததும் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று கோகிலா வாசலிலேயே சொல்லிவிட்டாள். என் வீட்டில், என் பேத்தியிடம், நான் கேட்கக் கூடாதாம்.

மே 6

விடைகள் போனிலேயே வந்துவிட்டன. மிதுனா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்றிருந்தார். வெளியே வந்து, "ஐநூத்தி எழுபத்திரண்டு வருமுங்கப்பா" என்றாள்.

மாப்பிள்ளை வாட்ஸப்பில் போட்டார். பண்ணைக்காரர்களுக்கும் லாரி டிரைவர்களுக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். "டாக்டருக்கு அப்பனாயிட்டனுங்க" என்கிறார். பூங்கொடி லட்டோடு வந்தாள். நான் ஒன்றும் பேசாமல் தட்டில் வாங்கி வைத்தேன். அதைவிடப் பெரிய பதில் கிடையாது.

ராத்திரிச் சாப்பாட்டில் மிதுனா என்னைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. 572 வந்திருந்தாலும் வந்திருக்கும்.

மே 27

மாட்டு டாக்டர் படிப்புக்கு மனுப் போடலாம் என்று பேப்பரில் வந்திருந்தது. கோகிலா மாப்பிள்ளைக்கு முன்னால் பேப்பரை விரித்து வைத்தாள். "ஏனுங்க, எதுக்கும் ஒண்ணு போட்டு வெக்கலாங்களே."

"ஐநூத்தி எழுபத்திரண்டு எடுத்த புள்ளைக்கு எதுக்குடி அது? போட்டா ராசி போயிரும். அவளுக்கே நம்பிக்கையில்லாமப் போயிரும்."

"ஆமாங்க மாப்பிள்ளை, வேண்டாம்" என்று நானும் சொன்னேன். கோகிலா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 4

எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். மிதுனா வந்து நின்றாள்.

"அம்மிச்சி, வெள்ளிக்கிழமையோட மனுப் போடறது முடியுது. அன்னைக்குக் கூட்டிப் பாத்தப்ப நானூத்தி எண்பதுக்குப் பக்கத்துலதான் வந்துச்சு. இப்பச் சொன்னாக்கூட ஆகும்."

"விடை தப்பா இருக்கும்."

"இல்லீங்க அம்மிச்சி."

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போயி மாட்டுக்கும் கோழிக்கும்னு சொன்னா அந்தப் பூங்கொடி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"பூங்கொடி அத்தையா படிக்கப் போறாங்க?"

எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. இந்த ஒருமுறைதான். தவிட்டு வாளியை நான் தூக்கப் போனேன், அவளே தூக்கிக்கொண்டு போய் எருமைக்கு வைத்தாள். கன்றுக்குட்டி அவள் துப்பட்டாவைச் சப்பியது.

ஜூன் 6, வெள்ளி

கோகிலாவும் மிதுனாவும் டவுனுக்குப் போய் வந்தார்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்கவாம். நான் நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷர் மாத்திரை போட்டேன். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ரிசல்ட். மாப்பிள்ளை தன் போனிலேயே எடுத்துப் பார்த்தார். 483.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணியிருக்குது. சென்னையில வக்கீல் இருக்காரு, பேசறேன்" என்று செருப்பை மாட்டினார்.

"தப்பில்லீங்கப்பா" என்றாள் மிதுனா. "நான் சொன்னதுதான் தப்பு."

நடுவீட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மிச்சம் வைத்தது, எடுத்துச் சேர்த்தது, கடைசியில் ஒன்றும் இல்லாமலேயே ஏற்றியது. என் பேரை மட்டும் சொல்லவில்லை. கொல்லையில் போளி தின்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு செருப்போடு உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுகூடவா சாமி நிஜம் சொல்லல?"

"ஜனவரில சொன்ன நானூத்தி அம்பத்தஞ்சு நிஜமுங்கப்பா. அதுக்கப்பறம் சொல்ல முடியலீங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குள் கோகிலா பேசினாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் இப்படி நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"முட்டை ரேட் எறங்குனா கோழிகிட்டயா கோவிச்சுக்கறீங்க? அடுத்த நாளும் தீவனம் போடறீங்கல்ல? புள்ளகிட்ட மட்டும் ஒரு வாரம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. அப்பறம் எப்படி அவ நிஜம் சொல்லுவா?"

கோகிலா அதோடு நிறுத்தவில்லை.

"மாட்டு டாக்டருக்கு மனுப் போட்டாச்சுங்க. கடைசி நாளு நானும் புள்ளையும் போயிப் போட்டோம். பிளஸ் டூ மார்க்குக்கு எடம் வரும்னு அருள்மணி சார் சொன்னாரு. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளை தலையில் இருந்து கையை எடுத்து, "அன்னைக்குக் கன்னை நீயா எடுத்துவிட்டே?" என்று மகளிடம் கேட்டார். மார்ச் மாசம் நடந்ததை இன்றைக்குத்தான் கேட்கிறார். அவள் தலையாட்டினாள். மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பூங்கொடியாகத்தான் இருக்கும். யாரும் எடுக்கவில்லை.

அரிசி களைந்துகொண்டிருந்த கோகிலாவிடம் போய் நின்றேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பிப்ரவரிலயே. என் புள்ளைக்குப் பசிக்காத நாளு எனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

களைந்த தண்ணீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சொல்லியிருந்தா பூங்கொடி பேரைச் சொல்லித் தடுத்துப்போடுவே. புள்ள உங்கிட்டதாம்மா மொதல்ல வந்து கேட்டா. நீ என்ன சொல்லி அனுப்புனேன்னும் எனக்குத் தெரியும்."

அடுப்பைப் பற்றவைத்தாள். நகரு, சுடும் என்றாள்.

ஜூன் 13

மூட்டு வலி. எழுதவில்லை.

ஜூலை 21

மாட்டு டாக்டர் படிப்புக்கான தரவரிசையில் மிதுனா பேர் நன்றாக மேலே இருக்கிறது. கலந்தாய்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நாமக்கல் காலேஜே கேட்கலாம், வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று வாத்தியார் சொன்னார். முட்டை வாங்க வந்தவருக்கு நல்ல முட்டையாகப் பொறுக்கிக் கொடுத்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் மனுசன்.

பூங்கொடி நேற்று வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "நான் அன்னைக்கே சொன்னனே அத்தை, கோழிக்கு ஊசி போடற படிப்புதான் இந்தப் புள்ளைக்குன்னு" என்றாள். பெருமையாகச் சொன்னாள். அவள் அன்றைக்கும் நல்லதுக்குத்தான் சொன்னாளாம். போகட்டும். பாயசத்தை மட்டும் விட மாட்டேன், இதை விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை இப்போது மகளிடம் ரேட் கேட்பதில்லை. கேட்பதற்கு மார்க்கும் இல்லை. சும்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவரையும் விட்டுவிட்டேன்.

மிதுனா எப்போதும் போலத்தான் இருக்கிறாள். அம்மிச்சி, அம்மிச்சி என்று காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். பொய் சொன்னாள், சின்னப்பிள்ளை, மன்னித்தேன். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

காலையில் மூன்று பேரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். எருமையைப் பார்த்துக்கொள்ள நான் நின்றுவிட்டேன். காரில் ஏறும்போது கோகிலா திரும்பி வந்து, "மாத்திரை மேசை மேல இருக்குதும்மா, மறந்துராதே" என்றாள். எனக்கு மறதி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு எது நல்லதோ அதை எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், என் வீட்டுக்குள்ளேயே செய்து முடித்தாள். செய்தது சரியாகவும் போய்விட்டது. மன்னிக்க மாட்டேன், என் மகள் கோகிலாவை.